புதன்கிழமை போட்ட கையெழுத்து

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேய் என்றாலே சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது என் கண்ணெதிரே, பட்டப்பகலில் நடந்தது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் சின்ன ஊர் எங்களுடையது. நான் நோட்டரி. என் முன்னால் போடும் கையெழுத்துக்கு முத்திரை குத்துவது என் வேலை. ஒடெல் பிராட்னாக்ஸ் செய்யாத கொலைக்கு இருபத்தாறு வருடம் சிறையில் கிடந்தவர். நிரபராதி என்று விட்டார்கள். நஷ்டஈட்டு மனு வந்து, அவர் கையெழுத்துக்காக மூன்று வாரமாக என் மேஜையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டபின் அவர் இறந்தாலும் மனைவி வெர்னீஸுக்குப் பணம் உண்டு. போடாமல் இறந்தால் ஒன்றுமில்லை. அவளோ வீட்டை விற்று வழக்கு நடத்தியவள்.

புதன்கிழமை, மாலை 4.40. நல்ல மழை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒடெல் நின்றார். தள்ளித் திறக்கவில்லை. சிறையிலிருந்து வந்த நாள் முதலே அப்படித்தான், யாராவது திறந்துவிடக் காத்திருப்பார். நான் திறந்தேன்.

"வாங்கண்ணே! இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"உடம்புக்கு முடியல லொரேட்டா. வெர்னீஸ் பேரு... சரியா இருக்கா பாரு."

நீலக் கோட்டு. அதில் ஒரு சொட்டு ஈரமில்லை. காபி கொடுத்தேன், தொடவில்லை.

பேனா கீறியது. கிர்ர்... கிர்ர்... மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

4.52. டப்! அன்றைய தேதி போட்டு முத்திரை. வாசலில் தபால் வண்டி. மனுவை உறையில் போட்டு ஓடிப்போய்க் கொடுத்தேன்.

திரும்பினேன். என்னைத் தாண்டி நடந்தார்.

கோட்டின் முதுகு... கழுத்திலிருந்து அடிவரை கத்தரியால் வெட்டியிருந்தது.

"அண்ணே, கோட்டு..."

தெருவில் யாருமில்லை.

மறுநாள் காலை வெர்னீஸ் வந்தாள். கறுப்பு உடை.

"திங்கக்கெழம ராத்திரியே போயிட்டாரு. டவுன் ஆஸ்பத்திரியில. கையெழுத்துப் போடாமலே போயிட்டாரு லொரேட்டா..."

கோட்டைப் பற்றிக் கேட்டேன். நீலம்தான். பிணத்துக்கு மாட்டுவதற்காகப் புதன் மதியம் முதுகில் வெட்டினார்களாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேதிய மாத்த முடியாதா? ரெண்டே ரெண்டு நாளு..."

"தபால் போயிருச்சே அண்ணி."

இருவரும் அழுதோம். வேறென்ன செய்வது?

மூன்று மாதம் கழித்து அரசு பதில் வந்தது. நிபுணரை வைத்துச் சோதித்தார்களாம். நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

'கையெழுத்து மனுதாரருடையதே. ஆனால் அன்று அவர் உயிரோடு இல்லை. மனு தள்ளுபடி.'