குடத்தோடு ஓடி வருகிறவர்கள்

தீயணைப்பு வேலையில் இருப்பவனுக்குத் தீயைவிட, உதவ ஓடி வருகிற கூட்டத்தைக் கண்டால்தான் பயம். மணி அடித்ததும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வண்டியில் தொற்றிக்கொள்ளும் சக பாவிகளே, நீங்களும் வசவு வாங்கியிருப்பீர்கள். அம்பாசமுத்திரம் பக்கம் நான் வாங்கியதில் சில.

புகையாத படப்பு

ஒரு விவசாயி ஈர வைக்கோலை அவசரமாகப் படப்பாகக் குவித்துவிட்டார். சில நாளில் கருகல் வாடை. வெளியே புகை இல்லை. கம்பியைச் செருகி எடுத்தால் தொட முடியாத சூடு. வைக்கோல் மக்கும்போது அதன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பழைய பிடி விட்டு, புதிதாக, இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன. மிச்சமாகும் ஆற்றல்தான் அந்தச் சூடு.

பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. குழாயைத் தயாராக வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து பிரித்தோம். காற்றுப் பட்டதும் நடுவில் குப்பென்று பிடித்தது. அணைத்து முடித்தபோது பாதி வைக்கோல் சேறு. பத்திரமாக நின்ற மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "சும்மா கெடந்த படப்ப வந்து கொளுத்திவிட்டுட்டீரே வே!"

வடைச் சட்டி

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து, தீ கூரைக்கு எட்டிக்கொண்டிருந்தது. சமையல்காரர் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டார். கொதிக்கிற எண்ணெயில் அது விழுந்தால் அத்தனை பேர் முகத்திலும் தீ தெறிக்கும். வாளியைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, அண்டா மூடியைச் சட்டிமேல் தள்ளினேன். காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைக்காமல் தீ அடங்கியது. என் புருவம் கருகியிருந்தது. அவர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்: "எண்ணெய் சூடு ஆறதுக்குள்ள அப்பளத்தப் போட்டுருவமா அண்ணாச்சி?"

சுண்ணாம்பு லாரி

சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரி வாய்க்கால் கரையில் சாய்ந்து கிடந்தது. டிரைவரின் கால் உள்ளே மாட்டியிருந்தது. சரிந்த கல்லில் கொஞ்சம் ஈரத்தில் விழுந்து ஆவி கிளம்ப, அதைப் புகை என்று நினைத்த ஊர்க்காரர்கள் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்ற ஊற்றக் கல் வெடித்துப் பொரிந்தது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரைக் கட்டிப்பிடிக்கும்போது அப்படியொரு சூட்டைக் கக்கும். ஓரத்துத் தார்ப்பாய் கருக ஆரம்பித்துவிட்டது.

"தண்ணி ஊத்தாதிய! யாரும் கிட்ட வராதிய!" என்று கத்தினேன். குடத்தோடு நின்ற ஒரு பெரியவருக்கு ஆத்திரம் பொங்கியது. "வண்டி நெறைய தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு மனுசன வேக விடுதீரே, நீரெல்லாம் மனுசனா வே?"

மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் மொத்த லோடும் கொதிக்கும். டிரைவர் அதற்கு நடுவில். எங்கள் வண்டி ஓட்டும் இசக்கி அண்ணாச்சி கடப்பாரையால் கதவை நெம்பினார். நான் கேபினை ஒட்டிக் கிடந்த கல்லை மண்வெட்டியால் தள்ளினேன். வசவு நிற்கவில்லை. பெரியவர் மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். கதவு பெயர்ந்தது. டிரைவரை வெளியே இழுத்து, மேலிருந்த பொடியைத் தட்டி, எதிரே இருந்த டீக்கடைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பின்னாலேயே மழை. லாரி சீறிக்கொண்டு வெள்ளை ஆவிக்குள் மறைந்தது.

டிரைவர் உதடு உலர்ந்து ஏதோ கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் அசையவில்லை. அவர் அழாத குறையாகச் சொன்னார்: "எய்யா, குடிக்கவாவது தண்ணி குடுப்பியளா மாட்டியளா?"

அணுவும் அணுவும் சேர்ந்தால் ஆற்றல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியவனுக்கு மார்க் கிடைத்தது. அதையே தெருவில் நின்று கத்துகிறவனுக்குக் கொப்புளமும் வசவும்தான் கிடைக்கிறது.