மல்லிகா அக்கா பார்த்த கோடு

சென்ற வாரம் சந்தவாசலிலிருந்து மல்லிகா அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினான். "அம்மா காலைல போய்ட்டாங்க சார். உங்களுக்குன்னு ஒரு கவர் வெச்சிருக்காங்க." எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. கவரில் எதைப் பற்றி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலை ஆய்வு நிலையத்தில் எங்களோடு படச்சுருள் பார்த்தவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில், திரவம் நிரப்பிய பெரிய தொட்டிக்குள் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பாய்ச்சி, மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படம் எடுப்பார்கள். அந்தச் சுருள்கள் எங்களிடம் வரும். ஜன்னல் அடைத்த அறையில், வெள்ளை மேசைமேல் ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் பெரிதாக்கி விழவைத்துப் பார்ப்பதுதான் வேலை. நியூட்ரினோ வந்த தடம் படத்தில் இருக்காது. எதையாவது இடித்தால், இடிபட்ட துகள் ஓடிய கோடு மட்டும் விழும். "ஆள் வந்ததே தெரியாது தம்பி, அடி மட்டும் வுழும்" என்பார் அக்கா. பள்ளியிறுதி வரை படித்தவர். அவர் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

ஒரே சுருளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும், பேசிக்கொள்ளக் கூடாது. இருவர் தாளும் ஒத்துப்போகாவிட்டால் அதிகாரி விசாரிப்பார். ஒரு சுருளின் கடைசியில், எங்கிருந்தும் வராத ஒற்றைக் கோடு ஒன்றை அக்கா குறித்திருந்தார். மாதக்கணக்கில் நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். என் தாளில் அதே இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. உண்மையில், அமிர்தி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிப் படங்களை நான் பார்க்கவே இல்லை.

தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் சுருளைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள். அதிகாரி என்னைக் கேட்டார். "ஃபிலிம்ல கீறல் சார்" என்றேன், வாய் கூசாமல்.

"மூணு கேமரா படத்துலயும் இருந்துச்சுங்க. கீறல்னா ஒண்ணுலதானே இருக்கும்?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. ஆனால் நான் பட்டதாரி. அதிகாரி அக்கா எழுதிய வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

அக்கா கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பின்னாளில் எங்கே பார்த்தாலும், "இன்னா தம்பி, அந்தப் படத்த நீ பார்த்தியா?" என்று மட்டும் கேட்பார். கீறல்தானா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பார்த்தேங்க்கா" என்பேன். நான் பார்க்காத அந்தக் கோடு வெள்ளைச் சுவரில், சாப்பாட்டுத் தட்டில், மகளின் நோட்டில் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கண் மருத்துவரிடம்கூடப் போய்ப் பார்த்தேன். கண்ணில் குறையில்லை என்றார்.

கவருக்குள் இருந்தது, அக்கா அன்று மேசையில் விழுந்த படத்தின்மேல் தாளை விரித்துப் பென்சிலால் படியெடுத்த கோடு. லேசாக வளைந்து முடிகிறது. 'முதலில் பார்த்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து. 'இரண்டாவது பார்த்தவர்' என்ற இடம் காலி.

நான் பார்க்கவில்லை, அக்கா. பொய் சொன்னேன். அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. உங்கள் நினைவாக என்னிடம் இருப்பது இந்தத் தாள்தான். நேற்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.