சத்தம் போடாத வக்கீல்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள்தான் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டையில் பீரோ செய்கிற பட்டறையில் எனக்கு வேலை. பகல் முழுக்கத் தகட்டில் சுத்தியல் விழும் சத்தம். வீட்டுக்கு வந்தால் அம்மா, தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிகள் என்று அங்கேயும் சத்தம். என் மனைவி சாத்தான்குளத்துக்காரி, மெல்லப் பேசுகிறவள். "நாம தனியாப் போயிருவோம். ஒங்கம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்குச் சொல்லுதேன் என்பேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆடிக்குப் பிறந்த வீடு போனவள் ஆவணிக்கும் வரவில்லை. கூப்பிடப் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே மறித்து, "இனி கோர்ட்ல பேசிக்கிடுவோம் மச்சான்" என்றான். கதவுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், துள்ளினார். "அவன் முந்துமுன்னே நாம முந்தணும்லே. சேந்து வாழ வரச்சொல்லி நாமளே மனு போடுவோம். ஒனக்குத்தான் வாய் கிடையாது, வக்கீலுக்காவது இருக்கணும். நம்மாளு ஒருத்தர் இருக்காரு. அவரு கேக்க ஆரம்பிச்சா கூண்டுல நிக்கவனுக்குச் சொந்தப் பேரு மறந்துபோவும்."

எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூண்டில் நிற்கப்போவது அவள் அல்லவா. அத்தானிடம் அதையும் சொல்லத் தெரியவில்லை. பட்டறையில் லீவு போட்டு, பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து வக்கீல்களைப் பார்த்தேன். யாரிடமும் கேட்க வேண்டாம், பார்த்தால் போதும். அத்தான் சொன்னவர் ஒரு வயசான அம்மாளை அழவைத்துவிட்டு வெளியே வந்தார். டீக்கடையில் எல்லாரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். மறுநாள் வேறொருவர். மெலிந்த ஆள், தலை நரைத்தவர். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தார். கூண்டில் நின்ற பெண் தடுமாறியபோது, "பைய யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். அந்தப் பெண்ணோ எதிர்க்கட்சி.

இவர்தான் என்று முடிவு செய்தேன்.

"அவரா?" அத்தான் சிரித்தார். "அவரு பேசுதது அவருக்கே கேக்காதேலே!"

தனியாகவே போனேன். வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு மேலே அவர் ஆபீஸ். உட்காரச் சொல்லி, நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். அவள் பெயரையும் ஊரையும் சொன்னதும் நிறுத்தி, பேனாவை மூடினார்.

"தம்பி, இந்தக் கேஸ நான் எடுக்க முடியாது. அந்தப் பிள்ளை போன வாரமே எங்கிட்ட வக்காலத்து குடுத்திருக்கு."

எழுந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "அவ நல்லா இருக்காளா?" என்றேன்.

"இருக்காங்க." என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கீழே வரை வழியனுப்ப வந்த அவர் குமாஸ்தாதான் சொன்னார். "அண்ணாச்சி, அந்தம்மாவோட அண்ணன் வேற பெரிய வக்கீலைத்தான் பிடிச்சிருந்தாராம். அவங்கதான் கோர்ட்ல வந்து ஒக்காந்து பாத்துட்டு, இவருதான் வேணும்னு நின்னுட்டாங்க."

பின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். எந்த ஓரத்தில் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வேறு வக்கீலைத் தேடவில்லை. அம்மாவிடம் போய், தனிவீடு பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அம்மா கத்தினாள். கத்தட்டும் என்று நின்றேன். பேட்டையிலேயே வாய்க்கால் ஓரமாக ஒரு வீடு பிடித்தேன். சின்ன வீடு. பட்டறைச் சத்தம் அங்கே எட்டாது.

அவள் பக்கத்திலிருந்து விவாகரத்து கேட்டு மனு வந்தது. வாய்தா அன்றைக்கு ஜட்ஜய்யா எங்கள் இரண்டு பேரையும் அவள் வக்கீலையும் அவருடைய அறைக்குள் கூப்பிட்டார். "ஒங்க வக்கீல் எங்கே?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. நானே பேசுதேன்."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவளைப் பார்த்து, "வாய்க்கால் பக்கம் வீடு பாத்திருக்கேன். சத்தம் இருக்காது. வந்திரு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "இத வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அவள் வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாய்தா வரை யோசிக்கச் சொன்னார்கள். யோசித்தாள். வரவில்லை. அவள் கேட்டபடியே தீர்ப்பாயிற்று. அன்றைக்கும் அவள் வக்கீல் குரலை உயர்த்தவில்லை. நான் அழவுமில்லை.

அந்த வீட்டை நான் காலி செய்யவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் இருக்கும். அது அவளுக்குப் பிடித்திருக்கும்.

1999, ஐப்பசி மாசம், வியாழக்கிழமை.