நூற்றுக்கு மூன்று

நான் எட்டாவது வரை படித்தவன். இருபது வருஷம் மில்லில் அறுந்த இழை முடிந்தேன். மில்லை மூடினார்கள். பிறகு கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி ஆபீசில் வேலை கிடைத்தது. கடற்கரைப் பக்கம் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்களுக்கு இன்டர்நெட்டில் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ். முதலாளி பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். முசியே என்றுதான் கூப்பிடணும். சார் என்றால் திரும்ப மாட்டார்.

என்னைத் தவிர இன்னொரு ஆள் உண்டு. வீராம்பட்டினத்துப் பெண், காலேஜ் முடித்தது. இன்டர்நெட்டில் பாண்டிச்சேரி ரூம் என்று தேடினால் எங்கள் விளம்பரம் ரெண்டு வரி வரும். அந்த ரெண்டு வரியை எழுதுவது அதன் வேலை.

ஒரு நாள் முசியே போர்டில் டார்கெட் எழுதினார். மூணு மாசம் கெடு.

அந்தப் பெண்ணுக்கு: விளம்பரம் நூறு தடவை கண்ணில் பட்டால் மூணு தடவையாவது யாராவது அதை அமுக்கி எங்கள் பக்கத்துக்குள் வரணும். எனக்கு: தினம் பத்து தடவை தேடிப் பார்த்து, விளம்பரம் எத்தனாவது இடத்தில் நிற்கிறது என்று நோட்டில் குறிக்கணும். அமுக்கக் கூடாது, அமுக்கினால் முசியேவுக்குக் காசு போகும்.

“ஒருத்தருக்குத்தான் வேல நிரந்தரம்” என்றார். “இன்னொருத்தர் சேதராப்பட்டுல பாட்டில் கழுவப் போலாம்.”

அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. மாப்பிள்ளை தாய்மாமன், நாற்பது வயசு. வேலை நிரந்தரமானால் பேச்சை விட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். இதைச் சாப்பிடும்போது என்னிடம் சொன்னது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மில்லில் இழை அறாவிட்டாலும் மிஷினைச் சுற்றிக்கொண்டே இருக்கணும். நின்றால் மேஸ்திரி வைவான். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பத்து என்றால் ஐம்பது தடவை தேடினேன். முசியே நோட்டைப் பார்த்து முதுகில் தட்டினார்.

அந்தப் பெண் வரியை மாற்றி மாற்றி எழுதியது. ரூம் கேட்டு போன் அதிகமாக வந்தது. ஆனால் நூற்றுக்கு ரெண்டிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூணு. ஞாயிறு எனக்கு லீவு.

ஒரு திங்கட்கிழமை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தது.

“அண்ணே, நீங்க தேடறதும் கணக்குல சேருது.”

“சேரட்டுமே.”

“நூறு வாட்டி ஜனங்க பாக்கறாங்க, மூணு வாட்டி அமுக்கறாங்க. நீங்க அம்பது வாட்டி சும்மா பாக்கறீங்க. நூத்தம்பதுக்கு மூணு ஆயிடுது. அப்ப நூத்துக்கு ரெண்டுதான?”

பேப்பரில் போட்டுக் காட்டியது. எனக்குப் புரிந்தது. கழிவுப் பஞ்சையும் சேர்த்து எடை போட்டால் நூல் குறைச்சலாகத்தான் தெரியும். மில்லில் பார்த்த கணக்கு.

“பத்தே பாருங்கண்ணே. அவரு கேட்டது அவ்ளோதான? மிச்சத்த நான் ஏத்திடறேன்.”

“பாக்கலாம்” என்றேன்.

மறுநாளும் ஐம்பது பார்த்தேன். அதற்கு மறுநாள் அறுபது.

எனக்கு நாற்பத்தி ஆறு வயசு. இன்னொரு இடத்தில் என்னை உள்ளே விட மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வயசிருந்தது, படிப்பிருந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆடி பாதியில் அந்தப் பெண் முசியேவிடம் போய்ச் சொன்னது. அவர் என்னையும் கூப்பிட்டார்.

“நீ பாக்கறதால கொறையுதாம்யா. கோழிய உத்து உத்துப் பாத்தா முட்ட கொறையுமா?”

“முசியே, ஞாயித்துக்கிழம கணக்க மட்டும் பாருங்க” என்றது பெண்.

“ஞாயித்துக்கிழம நான் தூங்கணும்மா.” என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுய்யா. அப்படியா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது.

“எனக்கென்ன தெரியும் முசியே. நான் படிக்காதவன்.”

“கேட்டியா? படிக்காதவன் பாட்டுக்கு வேலயச் செய்யறான். படிச்சது காரணம் தேடுது.”

கெடு முடிந்த அன்றைக்கும் நூற்றுக்கு ரெண்டுதான். முசியே போர்டில் அந்தப் பெண்ணின் பேரை விரலால் அழித்தார். மேஜையில் கிடந்த சீப்பையும் டிபன் பாக்ஸையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது. அழவில்லை. வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது சொன்னது.

“நல்லாப் பாத்தீங்கண்ணே.”

மானிட்டரில் ஆறாவதோ ஏழாவதோ இடத்தில் எங்கள் விளம்பரம் நின்றது. நோட்டில் குறித்தேன்.

ஆவணியில் பத்திரிகை வந்தது. முசியேவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ரெண்டு பேரும் போகவில்லை.

அந்தப் பெண் போனதும் போன் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காலையிலிருந்து ரூம் இருக்கா, ஏசி இருக்கா என்று அடித்துக்கொண்டே இருக்கும். தேடிப் பார்க்க நேரமில்லை. ரெண்டு வாரம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வரியை யாரும் மாற்றவில்லை. அந்தப் பெண் கடைசியாக எழுதியதுதான் ஓடியது.

முசியே கம்ப்யூட்டரைத் திறந்து கணக்குப் பார்த்தார். நூற்றுக்கு மூணைத் தாண்டியிருந்தது.

“பாத்தியாய்யா? அவ போனா, தானா ஏறிடுச்சி.”

“ஆமா முசியே” என்றேன்.

போன் அடித்தது. எடுத்தேன்.