வேலைக்குத் திரும்பினார்

புதன்கிழமை காலை ஏழரை மணி என்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் பல்கலைக்கழக அறுவை சிகிச்சைத் துறையில் ஆராய்ச்சி உரை நடக்கிற நேரம் அது. மேல்படிப்பு மாணவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மேடையேறி ஸ்லைடு காட்ட வேண்டும். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இல்லையென்றால் பேராசிரியருக்கு மூக்குமேல் கோபம் வரும். நோயாளி பிழைத்தானா செத்தானா என்பதை விட, எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்பதுதான் அந்த மனிதருக்குப் பெரிய கவலை.

என் ஆராய்ச்சி, பனியன் கம்பெனிகளில் விரல் நசுங்கியவர்களைப் பற்றியது. நான் திருப்பூர் நல்லூர்க்காரி. அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். எங்கள் தெருவில் விரல் குறைந்தவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு சாதாரணம். இதை நாலு பேர் முன்னால் போட்டு உடைக்க வேண்டும் என்ற வேகத்தில்தான் அந்தத் தலைப்பை எடுத்தேன்.

என் நோயாளிகளில் ஒருத்தி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இருபது வயதுக்கு மேல் இராது. பட்டன் அடிக்கிற மெஷினில் வலது கை விரல் இரண்டு மாட்டிக்கொண்டன. கூட்டிவந்த சூப்பர்வைசர், "ஊட்டுல கிரைண்டர்ல கைய உட்டுட்டாளுங்க" என்று எழுத வைத்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை கட்டு மாற்றும்போதுதான் அவள் உண்மையைச் சொன்னாள். ஒரு விரலின் நுனி போய்விட்டது. இன்னொன்றைக் காப்பாற்றினோம். கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டு, தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் அவளை உட்கார வைத்தார்கள். வாயைத் திறக்காத வரைக்கும் வேலை உண்டு என்பதுதான் பேச்சு.

படம் எடுக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"மொகம் தெரியாதுல்லா டாக்டர்?"

"தெரியாது. பேரும் வராது."

"வேல மட்டும் போயிரக் கூடாது. அம்மைக்கு நாந்தான் அனுப்புதேன்."

"அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்! நான் யார் பொறுப்பேற்க?

இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டேன். அதுவும் போதாதென்று முகம் முழுவதையும் மறைத்தேன். விபத்து நடந்த இடம் பனியன் கம்பெனி என்று மட்டும் எழுதினேன். கடைசி ஸ்லைடில் ஒரு அட்டவணை, யார் யார் வேலைக்குத் திரும்பினார்கள் என்று. அவளுடைய நோயாளி எண்ணுக்கு எதிரே 'திரும்பினார்' என்று அடித்துவிட்டு அதையே பார்த்துப் பூரித்துப் போனேன்.

அந்த வருஷத் துறைக் கருத்தரங்கைத் திருப்பூரிலேயே வைப்போம் என்றார் பேராசிரியர். மதியச் சாப்பாடு எக்ஸ்போர்ட் முதலாளிகள் செலவு. நசுங்கிய விரலைப் பற்றிப் பேசுகிற கூட்டத்துக்கு, நசுக்கினவர்கள் வீட்டு விருந்து! முன்வரிசை நாற்காலியும் அவர்களுக்கே. குத்துவிளக்கு ஏற்றி, ஆளாளுக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்கும்போது, எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போயிருந்தது.

அவள் படம் திரையில் வந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதலாளி கையைத் தூக்கினார். மைக் அவரிடம் போயிற்று.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்தப் புள்ள போட்டிருக்கிற பனியன் எங்க ஆர்டருங்க. இன்னும் கப்பலே ஏறலைங்க. அது எப்படிங்க வெளிய வந்துச்சு?"

கூட்டம் சிரித்தது. பேராசிரியரும் பல்லைக் காட்டினார். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். விரித்த கைகளுக்குப் பின்னால், அவள் நெஞ்சு முழுக்க, ஒரு மஞ்சள் கரடி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரி யாராவது படம் எடுத்திருந்தால் அந்தக் கரடி கண்ணில் பட்டிருக்கும். எனக்குப் படவில்லை. திருப்பூரில், ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த ரிஜெக்ட் பீஸ் போடாத ஆள் யார்? எங்கள் வீட்டில் அடுப்படித் துணியில்கூட ஏதாவது வெளிநாட்டுப் பொம்மை இருக்கும். கட்டுப்போட்ட கை லேசாக நுழையட்டும் என்று, தையல் கோணித் தொளதொளத்துப் போன ஒரு பீஸை சூப்பர்வைசரே அவளுக்குக் கொடுத்திருந்தான். ஒரு பொம்மைப் பிரிண்ட் ஒரு கம்பெனிக்குத்தான் என்பது கட்டிங் மாஸ்டர் மகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மரமண்டை, தெரிந்தும் கோட்டை விட்டேன்.

"அடுத்த ஸ்லைடு போடும்மா" என்றார் பேராசிரியர். போட்டேன். சாயங்காலம் சிறந்த உரைக்கான பரிசு என்று எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த வாரம் விரலை மடக்கிப் பழகும் பயிற்சிக்கு அவள் வந்தாள்.

"பனியன் திருடுனேன்னு சொல்லி நிப்பாட்டிட்டாவ டாக்டர். குடுத்தவரே நான் குடுக்கலேங்காரு." அப்புறம் கேட்டாள். "படத்துல மொகந்தான் தெரியலியே, எப்படிக் கண்டுபிடிச்சாவ?"

சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "பொறுப்புன்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

அன்றே அந்தக் கம்பெனி வாசலுக்குப் போனேன். கேட்டைத் தாண்டி விடவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் போய், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு அவர்கிட்ட புது புரொஜெக்டர் கேட்டிருக்கேன். இந்த நேரத்துல திருட்டுப் பஞ்சாயத்தையா பேசச் சொல்ற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ திருடலைங்க சார். சரி, அட்டவணையிலாவது மாத்திடறேன். திரும்பினார்னு இருக்கறது பொய்."

"நீ எழுதின அன்னைக்கு வேலையில இருந்தாளா இல்லையா? அப்புறம் என்னம்மா பொய்? போட்டோவுல அந்தப் பனியனை மட்டும் வெட்டிடு."

என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் நான் பரீட்சை எழுத முடியாது. மேசைமேல் இருந்த கோப்பைத் தூக்கி அவர் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. "சரிங்க சார்" என்றேன். கரடியை வெட்டினேன். அவள் அதற்குள் ஊருக்கு பஸ் ஏறியிருந்தாள்.

அந்த ஆய்வேடு இன்னும் துறை நூலகத்தில் இருக்கிறது. புதிதாக வருகிற மாணவர்களுக்கு, அட்டவணை எப்படிப் போட வேண்டும் என்பதற்கு அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்களாம். எத்தனை பேரைத் திட்டினாலும் எனக்கு ஆத்திரம் அடங்காததற்குக் காரணம் அந்தப் பக்கம்தான். அவள் எண்ணுக்கு எதிரே 'வேலைக்குத் திரும்பினார்' என்றுதான் இருக்கிறது. இவையெல்லாம் உண்மை என்று சொல்லி, முதல் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.