பதினைந்தாவது கை

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் சிலருக்கு அம்மாவைத் தையற்காரராகத் தெரியும், சிலருக்குக் கவுன்சிலராகத் தெரியும். இரண்டையும் சேர்த்து எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டுவிட்டான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலத்தில் இருப்பவன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான்: "அக்கா, அம்மா தலைவர் தேர்தல்ல ஓட்டுப் போட்டத முழுசா எழுதீரு. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

கெங்கவல்லிப் பக்கம், மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் ஒரு சிற்றூரில் அம்மா பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்துத் தையல் கற்றார். பரமத்தி வேலூருக்கு அருகில் காவிரிக்கரையோரம் இருக்கும் எங்கள் பேரூருக்கு மருமகளாக வந்தார். அப்பா வெற்றிலை மண்டியில் வேலை பார்த்தார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது சாலை விபத்தில் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை பிடித்துத் தையல் கடை போட்டார். அந்தக் கடைதான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தது.

கடைசி வரைக்கும் அம்மாவின் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக மாறவில்லை. எல்லோரும் "வாரேனுங்க" என்றால் அம்மா "வரேங்க" என்பார். கடைக்கு வரும் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனாலும் மனதில் உள்ளதை அம்மாவிடம்தான் சொல்வார்கள். ஊருக்குள் பெரிய உறவுக்கூட்டம் இல்லாதவரிடம் சொன்னால் வெளியே போகாது என்ற நம்பிக்கை.

எங்கள் வார்டின் பாதி ஊருக்குள் இருக்கிறது, மீதி வாய்க்காலுக்கு அப்பால். காவிரி அத்தனை பக்கத்தில் ஓடியும் வாய்க்காலுக்கு அப்பால் இருந்த தெருக்களுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் கிடையாது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். பெண்கள் ஊருக்குள் வந்து சைக்கிளில் குடம் கட்டி எடுத்துப் போவார்கள். உள்ளாட்சித் தேர்தல் வந்து வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அவர்கள்தான் கடைக்கு வந்து, "நீங்களே நில்லுங்கக்கா" என்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பக்கம் நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். அம்மா சுயேச்சையாக நின்றார். கேட்ட சின்னம் கிடைக்காமல் பலாப்பழம் கிடைத்தது. எங்கள் ஊரில் ஒரு பலாமரம்கூடக் கிடையாது. நானும் தம்பியும் வீடு வீடாக அந்தப் படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டோம். சொற்ப வாக்குகளில் அம்மா ஜெயித்தார்.

அன்று மாலைதான் விஷயம் விளங்கியது. பேரூராட்சிக்கு மொத்தம் பதினைந்து உறுப்பினர்கள். ரைஸ்மில்காரர் அணிக்கு ஏழு, ஜவுளிக்கடைக்காரர் அணிக்கு ஏழு. அந்த இருவருமே தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார்கள்; தலைவரை உறுப்பினர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி இருந்தது அம்மா ஒருவர்.

மறுநாள் காலை முதல் எங்கள் வாசலில் கார்கள் நின்றன. அதுவரை எங்கள் தெரு எதுவென்றே தெரியாதவர்கள் "நல்லா இருக்கீங்களாங்க" என்று விசாரித்தார்கள். துணைத் தலைவர் பதவி தருவதாக இரு தரப்பும் சொன்னது. தேர்தல் நாள்வரை ஏற்காட்டில் போய் இருக்கலாம், மற்றவர்களும் வருகிறார்கள் என்றார் ஒருவர். "தைக்க வாங்கின பள்ளிக்கூடத் துணி அப்படியே கெடக்கு. நான் எங்கங்க வர்றது?" என்றார் அம்மா.

எல்லோரையும்விட அம்மாவைச் சங்கடப்படுத்தியது பெரியப்பாவின் வருகை. அப்பாவின் அண்ணனான அவர் ரைஸ்மில்காரருக்கு நெருக்கமானவர். அப்பா போனபிறகு எங்களுக்குத் துணையாக நின்றவர். "அம்மிணி, நான் வாக்குக் குடுத்துட்டேன். நம்ம ஊட்டு ஓட்டு அவருக்குத்தான்" என்றார். அம்மா உள்ளே போய்க் காப்பி கலந்து வந்து கொடுத்துவிட்டு, "மாமா, ஞாயித்துக்கிழம வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க. அங்க பேசிக்கலாம்" என்றார். அதே சொல்லை ஜவுளிக்கடைக்காரருக்கும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலை மாரியம்மன் கோயில் முன்பு அந்தத் தெருக்களே கூடி நின்றன. அம்மா மைக் எதுவும் இல்லாமல் பேசினார். "எனக்குப் பதவி வேணாங்க. இந்தத் தெருவுக்கு ஆத்துத் தண்ணி வரணும். அத முதல் தீர்மானமா யார் கொண்டு வர்றேன்னு இவங்க முன்னாடி சொல்றீங்களோ, அவங்களுக்கு என் ஓட்டு."

ரைஸ்மில்காரர் சிரித்தார். "மொதல்ல ஓட்டப் போடுங்க. அப்பறம் உக்காந்து பேசலாங்க" என்றார். ஜவுளிக்கடைக்காரர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கொண்டாரனுங்க" என்றார். அம்மா அந்த இடத்திலேயே தன் முடிவைச் சொல்லிவிட்டார். பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"ஊட்டுக்குள்ள இருந்துட்டே இப்படிப் பண்ணீட்டியே அம்மிணி."

"உங்க மேல மரியாத குறையல மாமா. தண்ணி தர்றேன்னவருக்குப் போடறேன். நீங்களும் கேட்டுட்டுத்தான நின்னீங்க."

அதன்பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா நாள் கிழமைக்குப் பலகாரம் செய்தால் தம்பியிடம் கொடுத்தனுப்புவார். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். வேறு பேச்சு இருக்காது.

ஒரே ஒரு ஓட்டில் ஜவுளிக்கடைக்காரர் தலைவரானார். முதல் கூட்டத்தில் தண்ணீர்த் தீர்மானம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் நிதி இல்லை என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் அம்மா எழுந்து, "இன்னிக்கும் வரலைன்னா நீங்க கொண்டு வர்ற தீர்மானத்துக்கெல்லாம் நான் எதிர்ப்பக்கம் கை தூக்குவேன்" என்றார். தலைவர் அவசர அவசரமாகப் பொறியாளரை அழைத்து மதிப்பீடு போடச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் நிச்சயம் என்றார்.

அந்த அடுத்த கூட்டத்துக்குள் ரைஸ்மில்காரர் அணியிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் தலைவர் பக்கம் போய்விட்டார்கள். அம்மா விசாரிக்கப் போனபோது தலைவர் மரியாதையாகவே சொன்னார்: "பாக்கலாங்க. இனி உங்க கைய நம்பி நான் இல்லீங்க."

அன்று சாயங்காலம் அம்மா கடையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் கோபத்தில் பொரிந்தேன். அம்மா சொன்னார்: "அவங்க எனக்கா வணக்கம் வச்சாங்க? ரெண்டு பக்கமும் சமமா நின்னுச்சே, அதுக்கு வச்சாங்க. இப்ப அது போயிடுச்சு. ஆனா பதினஞ்சு பேர்ல எட்டுப் பேர் பொம்பளைங்க. அவங்க யாரும் இன்னும் ஒரு வார்த்த பேசல."

அது உண்மை. பெண் உறுப்பினர்களில் பலர் கூட்டத்துக்கு வருவதே இல்லை. வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பேசுவது கணவர்கள்தான். அம்மாவைத் தவிர்த்த மற்ற ஏழு பெண்களில் பெரும்பாலோருக்கு அம்மா ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனார். ரைஸ்மில்காரர் அணியில் இருந்த கண்ணம்மா அக்கா முதலில் தயங்கினார்.

"எங்க ஊட்டுக்காரரக் கேக்கோணுங்க."

"தாராளமா கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒருநாள் என்கூட வந்து பாருங்க."

விடிகாலையில் அவரை வாய்க்கால் பாலத்துக்கு அழைத்துப் போனார். ஏழுமாதக் கர்ப்பிணி ஒருத்தி இடுப்பில் குடத்தோடு பாலம் ஏறி வந்தாள். கண்ணம்மா அக்கா அந்தக் குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீடுவரை நடந்தார். மற்ற பெண்களை அழைத்துப் பேசியது அதற்கப்புறம் அவர்தான்.

அந்தக் கூட்டத்துக்கு எட்டுப் பெண்களும் வந்தார்கள். அம்மா கோரிக்கையை எழுந்து வாசித்தார். தலைவர் "அடுத்த பொருளுக்குப் போலாமுங்க" என்று தொடங்கும் முன்பே கண்ணம்மா அக்கா கையைத் தூக்கினார். அடுத்து தலைவரின் அணியிலிருந்தே ஒரு கை. பிறகு ஒவ்வொன்றாக, அம்மாவுடையதும் சேர்த்து மொத்தம் எட்டுக் கைகள். தலைவர் தன் பக்கத்துக் கைகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தானும் கையைத் தூக்கிவிட்டார். அதைப் பார்த்து மீதிப் பேரும் தூக்கினார்கள். மற்ற பதினான்கு கைகளும் உயர்ந்துவிட்டதால் அம்மாவின் கை அன்று யாருக்கும் தேவைப்படாத கை. அதைத்தான் அம்மா பெருமையாகச் சொல்வார்.

குழாய் பதித்துத் தண்ணீர் வந்த நாளன்று வாய்க்காலுக்கு அப்பால் திருவிழா போல இருந்தது. பெரியப்பா கூட்டத்தின் பின்னால் துண்டைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் வந்தார். "அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார். அம்மா குழாயில் பிடித்துக் கொடுத்தார். முழுவதும் குடித்துவிட்டு, "நல்லாருக்குது" என்றார். அன்று இரவு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

பதவிக்காலம் முடியுமுன்னே அம்மாவைப் புற்றுநோய் பிடித்தது. சேலத்து மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பெரியப்பாவே கார் ஓட்டினார். உடம்பு தளர்ந்த நிலையிலும் அம்மா கூட்டத்துக்குப் போவதை விடவில்லை. கடைசி வாரம் கண்ணம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையத்தில் கட்ட வேண்டிய கழிப்பறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு காலை, நானும் தம்பியும் அருகில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அம்மாவைத் தம் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை போட்டு இரவு காவல் இருந்த கண்ணம்மா அக்காவுக்கும் மற்ற பெண் உறுப்பினர்களுக்கும், அம்மாவைச் சுமந்த வாய்க்கால் தெரு மக்களுக்கும், இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்ற இரண்டு அணியினருக்கும், கோபத்தை மறந்து தகப்பன் இடத்தில் நின்ற பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அம்மாவின் வார்டுக்கு இடைத்தேர்தல் வருகிறது. வாய்க்காலுக்கு அப்பால் இருந்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் மலர் என்ற பெண் சுயேச்சையாக நிற்கிறாள். இப்போதே இரண்டு அணியினரும் அவள் வீட்டுக்கு வந்து போகிறார்கள். போன வாரம் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, இவங்களெல்லாம் வந்து கேட்டப்ப உங்கம்மா என்ன கேட்டாங்க?"

"தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. கேட்டத எல்லாரு முன்னாடியும் கேட்டாங்க."

மலர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்ப ஞாயித்துக்கிழம கோயில் முன்னாடி வரச் சொல்லீர்றனுங்கக்கா."