அக்காவின் பெரிசாகாத அப்பிள்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூடவே ஒரு உண்மையையும் எழுத வேண்டியிருக்கிறது. அத்தான் கோபிக்கக்கூடாது.

அக்கா ஊரிலே, மட்டுவில் கிராமத்தில், ஐந்து பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா வேளைக்கே காலமானதால் பதினாறு வயதில் தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தார். எங்களுக்குச் சட்டை தைத்து மிஞ்சிய துணியில்தான் தனக்குத் தைப்பார். பிறகு ஜேர்மனிக்கு வந்து, அகதி முகாமில் குளிருக்குப் பழகி, டோர்ட்மண்டில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் கடைசிவரை வேலை செய்தார். கடைக்குட்டியான என்னை இங்கே கூப்பிட்டதும் அவர்தான். விண்ணப்பத்துக்கு அன்ட்ராக், சந்திப்புக்கு டெர்மின் என்று யார் ஜேர்மன் கடிதம் கொண்டுவந்தாலும் கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் தேத்தண்ணி ஊற்றுவார்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலத்தில் அவர்களுக்கு நகரத்து ஓரமாக ஒரு தோட்டத்துண்டு குத்தகைக்குக் கிடைத்தது. அத்தான் முதல் நாளே சட்டம் போட்டார்.

“சாப்பிட ஏலாத ஒண்டும் இந்தக் காணிக்குள்ள வரக்கூடாது.”

வெங்காயம், பூசணி, மிளகாய் எல்லாம் வந்தன. ஒரு சித்திரையில் அக்கா என்னை மரக்கன்று விற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், இலை தெரியாமல் பூத்து நின்ற ஒரு கன்றைக் காட்டினார்.

“அக்கா, இது என்ன மரம்?”

“அப்பிளடா. காரைத் திற.”

அப்பிள் என்றதும் அத்தான் தானே குழி வெட்டினார். இலையுதிர்காலத்தில் காய்த்தது. நெல்லிக்காய் அளவுதான், நல்ல சிவப்பு, வாயில் வைத்தால் முகம் கோணும்.

“என்னப்பா இது? ஆரோ பூமரத்தை உன்ரை தலையில கட்டிப்போட்டாங்கள்” என்றார் அத்தான்.

“முதல் காய்ப்பெல்லே? வாற வருஷம் பெரிசாகும், பாருங்கோ.”

ஊர்ச் சனத்தின் கடிதமெல்லாம் வாசித்த அக்கா, ஒரு மரக்கன்றில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டை வாசிக்க மறந்துவிட்டார் என்று நாங்களும் நம்பினோம்! அத்தான் பாவம், அக்காவின் மனம் நோகக்கூடாதென்று மாட்டெருவும் மீன் கழுவிய தண்ணீருமாக ஊற்றினார். மரம் பூத்துக் கொட்டியது. காய் மட்டும் அதே அளவு. அதை அக்கா புளிக்குப் பதிலாக மீன்குழம்பில் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. அத்தானின் சட்டமும் பிழைத்தது.

பூக்கிற கிழமையில் அக்கா வேலைக்கு லீவு போடுவார். கதிரையும் தேத்தண்ணிப் போத்தலுமாகப் போய் மரத்தின் கீழ் நாள் முழுக்க இருப்பார். கேட்டால், “பூச்சி பிடிக்காமல் பாக்கோணும்” என்பார்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கடையில் இருந்ததிலேயே பெரிய அப்பிளை வாங்கிக்கொண்டு போனேன்.

“அக்கா, உங்கட மரத்தில காய்ச்சது.”

அக்கா சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப் பார்த்தார்.

“பொய் சொல்லாதை. அதில இது காய்க்காது எண்டு எனக்கு வாங்கேக்கையே தெரியும். சீட்டில கிடந்தது.”

“பிறகேன் வாங்கினனீங்கள்?”

“பூவைப் பாக்கத்தான். வேறை ஒண்டுக்குமில்லை. அத்தானுக்குச் சொல்லிப்போடாதை.”

எனக்கும் சிரிப்பு வந்தது. வீடு வரும் வழியில் அழுகையும் வந்தது. அக்கா தனக்கென்று ஆசைப்பட்டு எதையும் வாங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு வருடம் வாய் திறக்கவில்லை. போன கிழமை அத்தான் போன் எடுத்தார்.

“தம்பி, பெரிய அப்பிளுக்கு எவ்வளவு ஆசைப்பட்டவள். திவசம் முடிஞ்ச கையோட அந்த மரத்தைத் தறிச்சுப்போட்டு, அவளின்ரை பேரில நல்ல சாதி அப்பிள் ஒண்டு நடப்போறன்.”

அவர் குரல் உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அதனால்தான் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மீறுகிறேன்.

முறைவைத்து சூப் கொண்டுவந்த சமையலறைத் தோழிகளுக்கும், செத்தவீட்டன்று சமைத்தும் தோள்கொடுத்தும் நின்ற உறவுகளுக்கும், அத்தான் போகாத நாட்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்ட அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

அத்தான், மரம் அரியும் வாளைக் கீழே வையுங்கோ. போன சித்திரையில் அந்த மரத்தின் கீழ் ஒருவரும் இருக்கவில்லை. வாற சித்திரையில் அக்காவின் கதிரையை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கோ. ஒரு கிழமை இருங்கோ. பூச்சி பிடிக்காமல் பார்க்கோணும்.